மாட்டுத் தொட்டிக்குள் ஒரு வரலாறு

1

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் தொற்று என்றார்கள். புதுக்கோட்டையில் நான்கு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அங்கே போன மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு தாள். இடப்பக்கம் மருந்துகளின் பெயர், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. 'எஸ்' என்று இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். 'ஆர்' என்று இருந்தால் அடங்காது. பதினாறு மருந்துகளில் பதிமூன்றுக்கு 'ஆர்'.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வீட்ல ஆடு மாடு இருக்கா?"

"ரெண்டு பசு இருக்கு சார்."

"ம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கோலிஸ்டின் போட்டுப் பாக்கலாம். கிட்னியத் தினமும் செக் பண்ணிக்கிட்டே குடுக்கணும். வேற வழி கம்மி."

அன்று இரவு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் போன மாசி மாதம் ஞாபகம் வந்தது. எங்கள் கலப்பினப் பசுவுக்கு மடிநோய். ஒரு காம்பு கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வந்தது. ஊசி போட்டவர் கிளம்பும்போது, "அஞ்சு நாளைக்கு இந்தப் பால ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாளைக்குப் பதினோரு லிட்டர். அம்மா முதல் நாள் பாலைத் தென்னை மரத்தடியில் ஊற்றினாள். இரண்டாம் நாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் கேனில் ஊற்றிவிட்டாள். கேனை வண்டியில் வைத்து சொசைட்டிக்குக் கொண்டுபோனது நான்.

அப்பாவின் உடம்புக்குள் இருந்த கிருமிக்கும் அந்தப் பாலுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கிருமி எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் டாக்டர் கேட்ட கேள்வி மனசில் தங்கிவிட்டது. அதே வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா மகன் ஒரு செய்தியை அனுப்பினான்: மாட்டுத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக ஓமம், கிராம்பு, பூண்டு எண்ணெய்களை வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறானாம், நம் முன்னோர்களுக்கு இது எப்போதோ தெரியுமாம். இரண்டு கேள்விகளோடு படிக்க ஆரம்பித்தேன். நோய் இல்லாத விலங்கின் தீவனத்துக்குள் மருந்து எப்படி வந்தது? அதை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓமத்தை வைக்க முடியுமா?

2

கதை நான் எதிர்பார்க்காத இடத்தில் தொடங்கியது: திருவல்லிக்கேணியில்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். பள்ளி இறுதித் தேர்வில் தோற்றுத் தோற்று, கடைசியில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, பிறகு மதராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவைச் சிகிச்சை உடுப்பைக்கூடக் கதரில் போட்டுக்கொண்டு போனதால், வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அரசு வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலை, சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியர் பணி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். நாட்டு மருந்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாக நாம் பேசிக்கொள்கிறோம். இந்த மனிதர் இரண்டு பக்கமும் இருந்தவர். 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குப் போய் ஹார்வர்டில் சேர்ந்தார். உடலில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சி இயக்குநராக அவர் இருந்த காலத்தில் வெளிவந்தவற்றில் ஒன்று, யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை.

அதே ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பிறகு, எழுபது வயதைத் தாண்டி வேலைக்கு வந்தவர். பல ஊர்களிலிருந்து வந்த மண் மாதிரிகளில் கிருமியைக் கொல்லும் பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்களைத் தேடினார். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து எடுத்த மண்ணில் பொன்னிறமாக வளரும் ஓர் உயிர் கிடைத்தது. அது சுரந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. 1948ல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. அந்த மருந்து எங்கே போய்ச் சேரும் என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

3

அதே கட்டடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்று இரண்டு பேர் கோழிக்குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கவலை கிருமி இல்லை, தீவனம். அப்போது விலை அதிகமான மீன்தூளுக்குப் பதிலாகச் சோயா போடத் தொடங்கியிருந்தார்கள். வெறும் சோயா தின்ற குஞ்சுகள் சரியாக வளரவில்லை. மாமிசத்தில் இருக்கும் ஏதோ ஒன்று சோயாவில் இல்லை. அந்த ஏதோ ஒன்று பி12 வைட்டமின் என்று 1948ல்தான் தெளிவாகியிருந்தது. ஆரியோமைசினைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் சக்கையிலும் பி12 இருக்கும் என்று ஜூக்ஸ் கணித்தார். எண்ணெய் ஆட்டிய பிறகு எஞ்சும் பிண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதுபோல, மருந்து எடுத்த சக்கையைக் குஞ்சுகளுக்கு வைத்தார்.

1948 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் என்பதால் உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜூக்ஸே குஞ்சுகளை எடை போட்டார். சக்கை தின்றவைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தன. பி12 மட்டும் காரணமாக இருக்க முடியாத அளவுக்குக் கனம். சக்கையில் கொஞ்சமாக ஒட்டியிருந்த ஆரியோமைசின்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. 1950 ஏப்ரலில் இந்தச் செய்தி 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வந்தது. 1951ல் அமெரிக்க அரசு, கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலக்க அனுமதித்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இங்கே மருந்து மருந்தாகப் போகவில்லை. நோயுள்ள விலங்குக்கு முழு அளவு கொடுப்பது வேறு, நோயில்லாத விலங்குக்குத் தினமும் துளித்துளியாகக் கொடுத்து எடை ஏற்றுவது வேறு. இரண்டு, கிருமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அந்தத் துளி அளவைவிட நல்ல வழி கிடையாது. இது அப்போதே தெரியாத விஷயமும் இல்லை. 1945ல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டைவலிக்கு ஒருவர் பென்சிலினைப் போதாத அளவில் எடுத்துக்கொள்கிறார். சாகாமல் தேறிய கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு மருந்து வேலை செய்யவில்லை, இறந்துபோகிறாள். மூன்றே வருடம் கழித்து, அதே போதாத அளவைக் கோழித் தொட்டியில் கொட்டத் தொடங்கினோம்.

மாட்டுக்கு இது அவ்வளவு லேசாகப் பொருந்தவில்லை. மாடு தான் தின்பதைத் தானே செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து வைக்கோலைச் செரித்துக் கொடுக்கின்றன. வாய்வழியாகக் கிருமிக்கொல்லியை அளவு தெரியாமல் கொடுத்தால் மாட்டின் அடுப்பையே அணைத்ததுபோல ஆகிவிடும். கன்றுக்குட்டிக்கு அந்த வயிறு இன்னும் வளராததால் அது கோழிக்குஞ்சு மாதிரிதான். வளர்ந்த மாட்டுக்கென்று வந்தது மொனென்சின். முதலில் கோழிகளின் ரத்தக்கழிச்சலுக்கு விற்ற மருந்து. 1975ல் அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு அனுமதித்தார்கள். பெருவயிற்றில் ஒரு வகை பாக்டீரியாவை மட்டும் ஒடுக்கி, தீனியிலிருந்து மாடு பிழியும் சக்தியைக் கூட்டுகிறது, வீணாக ஏப்பத்தில் போகும் மீத்தேனைக் குறைக்கிறது. மனிதர்களுக்கு இதை மருந்தாகக் கொடுப்பதில்லை என்பதால் அமெரிக்காவில் இன்றும் இது தீவனத்தில் இருக்கிறது. தாவர எண்ணெய்கள் போட்டியிடுவது பெரும்பாலும் இந்த மொனென்சினோடுதான்.

4

முதலில் மணி அடித்தது கன்றுகளிடமிருந்து. 1960களின் நடுவில் இங்கிலாந்தில், பிறந்து சில நாளே ஆன கன்றுகளைப் பல பண்ணைகளிலிருந்து வாங்கி, ஒரே கொட்டடியில் அடைத்து, வியாபாரிகள் கைமாற்றி அனுப்பினார்கள். அவற்றில் சால்மொனெல்லா கழிச்சல் பரவியது. மருந்து மேல் மருந்தாகக் கொடுத்தார்கள். லண்டன் காலின்டேலில் இருந்த நுண்ணுயிரியலாளர் இ.எஸ். ஆண்டர்சன், அந்தக் கிருமியின் ஒரே ஒரு வகை ஒவ்வொரு மருந்தாகத் தாண்டிக்கொண்டு போவதையும் அதே வகை மனிதர்களிடம் வந்து சேர்வதையும் பின்தொடர்ந்து காட்டினார். மருந்தைத் தாண்டும் திறமையை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு, தன் இனமே இல்லாத ஒன்றுக்குக்கூட, கைமாற்ற முடியும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். சுதோமு வதனபே 1963ல் அதை ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். அதாவது மாட்டுக் குடலில் படித்த பாடத்தை மனிதக் குடலில் இருக்கும் கிருமிக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

1969ல் மைக்கேல் ஸ்வான் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. மனிதருக்குத் தேவைப்படும் ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலக்காதே என்பது அதன் சாரம். பிரிட்டன் ஓரளவு கேட்டது, அமெரிக்கா கேட்கவில்லை. 1970களின் நடுவில் பாஸ்டன் பக்கத்தில் ஸ்டூவர்ட் லெவி ஒரு சிறு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் போட்டுப் பார்த்தார். முதலில் கோழிகளின் குடலில், சில மாதங்களில் அந்த வீட்டு மனிதர்களின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. இதைப் படித்தபோது டாக்டரின் "ஆடு மாடு இருக்கா?" மறுபடி காதில் கேட்டது.

தடையை முழுசாக முதலில் போட்டது ஸ்வீடன், 1986ல். அதைக் கேட்டவர்கள் அங்கிருந்த விவசாயிகளே. தீவனத்தில் டன் கணக்கில் மருந்து போகிறது என்று பத்திரிகையில் வந்ததும், ஜனங்கள் தங்கள் இறைச்சியை நம்ப மாட்டார்கள் என்று அவர்களுக்குப் புரிந்தது. தடை வந்ததும் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமான இடம். தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகள் கழிச்சலில் விழுந்தன. சீட்டு எழுதிக் கொடுக்கும் மருந்தின் அளவு சில காலம் ஏறியது. பிறகு குட்டியைப் பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட்டார்கள், இடம் கூட்டினார்கள், கொட்டடியை ஒவ்வொரு தொகுதிக்கும் காலி செய்து கழுவினார்கள், தீவனத்தில் புரதத்தைக் குறைத்தார்கள். மருந்தின் அளவு இறங்கியது. அதுவரை தீவனத்தில் போன ஆன்டிபயாட்டிக் நெரிசலையும் அவசரத்தையும் மூடி மறைத்திருந்தது. மூடியைத் திறந்ததும் எல்லாம் வெளியே தெரிந்தது.

டென்மார்க் 1990களின் கடைசியில் நிறுத்தியது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதற்குத் தடை. கடைசியாக வெளியே போன நான்கில் மாட்டுக்கான மொனென்சினும் ஒன்று. அமெரிக்கா, மனித மருத்துவத்துக்கு முக்கியமானவற்றை மட்டும் 2017ல் நிறுத்தியது.

தொட்டியில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்குத்தான் எண்ணெய்கள் வந்தன.

5

எண்ணெய் என்றதும் நமக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் ஞாபகம் வரும். இங்கே பேசுவது அதில்லை. ஓமத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மூக்கில் ஏறுமே, அது. கிராம்புத் தைலம், பட்டைத் தைலம், பூண்டு எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் மாதிரி ஆவியாகிப் பறக்கும் வாசனை எண்ணெய்கள். செடிக்கு ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது. பூச்சியையும் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் விரட்ட அது தன் உடம்பில் வைத்திருக்கும் ஆயுதம்தான் இந்த வாசனை. ஓமத்தில் இருக்கும் தைமால், கிராம்பில் இருக்கும் யூஜினால் எல்லாம் பாக்டீரியாவின் மேல்தோலை ஓட்டையாக்கிக் கொல்கின்றன.

இதைக் கண்டுபிடித்தது இன்று நேற்று இல்லை. லூயி பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் சாம்பர்லான், 1881ல் ஆடு மாடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டு உலகுக்குக் காட்டிய குழுவில் இருந்தவர். 1887ல் அதே அடைப்பான் கிருமிமேல் வரிசையாக வாசனை எண்ணெய்களை வைத்துப் பார்த்து, எது எவ்வளவு அடக்குகிறது என்று எழுதினார். பென்சிலினுக்கு 41 வருடம் முன்பு.

நம் ஓமத்துக்கு அதைவிட விசித்திரமான கதை உண்டு. முதல் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தையின் தைமாலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஓம விதையிலிருந்து ஜெர்மனியில் தயாரானது. அது காயம் கழுவப் போனது, கொக்கிப்புழுவை வெளியேற்ற மருந்தாகப் போனது. 1914ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது, தைமால் தட்டுப்பாடு வந்தது. ஆக 'வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான்' என்ற வாட்ஸ்அப் வரி அங்கேயே அடிபட்டுப் போகிறது. நூறு வருடம் முன்பே அவன் நம் ஓமத்தைக் காய்ச்சி நமக்கே விற்கத் தெரிந்தவன். ஆன்டிபயாட்டிக் வந்ததும் எல்லாரும் அதை மறந்தார்கள், நாமும்தான்.

மாட்டு வயிற்றுக்குள் இந்த எண்ணெய் என்ன செய்யும் என்ற கேள்வி காட்டிலிருந்து வந்தது. 1960களில் அமெரிக்காவின் கொலராடோவில் மான்கள் குளிர்காலத்தில் சேஜ்பிரஷ் என்ற புதரைத் தின்றன. நம் மரிக்கொழுந்தின் சொந்தக்காரச் செடி, அதே மாதிரி வாசனை. அதன் எண்ணெய் அளவு மீறினால் மானின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஒடுக்கி, வயிறு வேலை செய்வதையே நிறுத்துகிறது என்று 1964ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வாசனை எண்ணெயும் அசைபோடும் வயிறும் சந்தித்த ஆரம்ப கால ஆய்வுகளில் ஒன்று இது. அதில் எண்ணெய் நண்பனாக வரவில்லை, மானைப் பட்டினி போடும் செடியின் தந்திரமாக வந்தது.

ஐரோப்பியத் தடை நெருங்கிய காலத்தில் பார்சிலோனாவில் கால்சாமிலியாவும் அவரது குழுவும் அதே தந்திரத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். பூண்டு எண்ணெய், பட்டையின் சின்னமால்டிஹைடு, கிராம்பின் யூஜினால், மிளகாயின் காரம் ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் அமைத்த செயற்கைப் பெருவயிற்றில் விட்டுப் பார்த்தார்கள். சரியான அளவில் சில எண்ணெய்கள் மொனென்சின் செய்வதுபோன்ற வேலையைச் செய்தன. புரதம் வீணாவது குறைந்தது, சில நேரம் மீத்தேனும் குறைந்தது. 2007ல் அவர்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது.

ஆனால் அதே ஆய்வுகள் கூடவே சில சங்கடங்களையும் சொல்கின்றன. அளவு குறைந்தால் ஒன்றும் நடப்பதில்லை, கூடினால் செரிமானமே கெடுகிறது. தானியம் தின்னும் மாட்டின் புளித்த வயிற்றில் வேலை செய்யும் எண்ணெய், வைக்கோல் தின்னும் மாட்டிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், பெருவயிற்றின் நுண்ணுயிர்கள் பழகிவிடுகின்றன. முதல் சில நாள் தெரிந்த பலன் பல ஆய்வுகளில் போகப்போகத் தேய்ந்தது. இயற்கையானது என்பதால் கிருமிகள் அதற்குப் பழகாமல் இருக்கப்போவதில்லை. பென்சிலினும் இயற்கைதான், பூஞ்சையிலிருந்து வந்தது. ஆரியோமைசின் சான்பார்ன் வயலின் மண்ணிலிருந்து வந்தது.

இன்னொரு சின்னச் சங்கடமும் உண்டு. மாட்டுக்குப் பூண்டு கொடுத்தால் பாலும் பூண்டாக மணக்கும். அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சி வேறயா? மாடு வெங்காயத் தோலத் தின்னாலே காப்பி வாயில வைக்க முடியாது" என்றாள்.

6

சரி, நம் முன்னோர்களுக்கு இது தெரியுமா?

என் அப்பாயி மாட்டுக்கு வைத்தியம் பார்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஈரமான பயறுக்கொடியை மேய்ந்துவிட்டு வயிறு உப்பி, இடப்பக்கம் மத்தளம் மாதிரி ஆகி, மூச்சுக்குத் தவிக்கும் மாடு. அப்பாயி மூங்கில் குழாயில் நல்லெண்ணெயை ஊற்றி, மாட்டின் தலையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, கடைவாய் வழியாக மெதுவாகப் புகட்டுவாள். "நாக்கப் புடிச்சு இழுக்காதடா, பொரை ஏறிரும்" என்று என்னை அதட்டுவாள். கொஞ்ச நேரத்தில் மாடு ஏப்பம் விடும். இதன் சூட்சுமம் கிருமியைக் கொல்வதில் இல்லை. பச்சைப் பயறுக்கொடி வயிற்றில் சோப்பு நுரைபோல நுரைக்கிறது, காற்று அதில் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய் பட்டதும் நுரை உடைகிறது. பாடப்புத்தகத்திலும் இதே வைத்தியம் இருக்கிறது. தாவர எண்ணெயோடு டர்பன்டைன் கலந்து புகட்டுவது பிரிட்டிஷ் காலக் கால்நடை வைத்தியத்தில் சாதாரணம்.

தஞ்சாவூரில் இருந்து மரபுவழிக் கால்நடை மருத்துவத்துக்காக உழைத்த பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் மடிநோய் மருந்து இன்று நாடு முழுக்கத் தெரியும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, தண்ணீர் விட்டு இளக்கி, கறந்து கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பல தடவை பூச வேண்டும். தேசிய பால்வள வாரியமும் அதைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொண்டுபோகிறது.

இரண்டையும் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். இரண்டுமே நோய் வந்த மாட்டுக்கு, வந்த நேரத்தில், ஒரு கை செய்யும் வைத்தியம். அப்பாயி எந்த மாட்டுக்கும் எடை ஏற வேண்டும் என்று தினமும் ஓமம் போட்டதில்லை. கன்று ஈன்ற மாட்டுக்குப் பூண்டும் மிளகும் கருப்பட்டியும் இடித்து உருண்டை கொடுப்பாள், சில நாளோடு நிறுத்திவிடுவாள். தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் செய்த வேலை, அதாவது நோயில்லாத மாட்டைத் துளித்துளி மருந்தால் வேகமாக வளர்ப்பது, அவளுடைய உலகத்தில் இருக்கவே இல்லை. இல்லாத வேலைக்கு அவளிடம் எப்படி மாற்று இருந்திருக்கும்?

'ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று' என்று சொல்லும்போது மூன்று வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நோயைக் குணமாக்குவது ஒன்று, நோய் வராமல் காப்பது ஒன்று, எடையையும் பாலையும் கூட்டுவது ஒன்று. நாட்டு வைத்தியத்தின் இடம் முதலாவதில். அங்கே கற்றாழையும் மஞ்சளும் ஓர் ஊசியை மிச்சப்படுத்தினால் அது பெரிய விஷயம். ஐரோப்பிய எண்ணெய்களின் இடம் மூன்றாவதில், அதுவும் மிதமான பலன்தான். இரண்டாவதில் ஸ்வீடன் கண்டது கொட்டடியைக் கழுவுவதையும் இடம் கொடுப்பதையும். அதற்கு எந்தத் தைலமும் ஈடு இல்லை. மூன்றையும் குழப்பினால் நடக்கப்போவது, நெரிசலான கொட்டடி அப்படியே இருக்கும், தொட்டியில் விழும் புட்டியின் லேபிள் மட்டும் மாறும்.

கோலிஸ்டினுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1940களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனித மருத்துவம் அதை 1970களில் ஏறக்குறைய ஒதுக்கிவைத்தது. ஒதுக்கியது விலங்குகளுக்குப் போனது, தீவனத்திலும் போனது. புது மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றதும் மனிதர்கள் கடைசி ஆயுதமாக அதைத் திரும்ப எடுத்தார்கள். 2015ல் சீனாவில், கோலிஸ்டினையும் தாண்டும் மரபணு பன்றிகளிடமும் மனிதர்களிடமும் இருப்பதைக் கண்டார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு. 2019 ஜூலையில் இந்தியா, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. அப்பாவின் தாளில் அந்தப் பெயருக்கு நேரே 'எஸ்' என்று இருந்தது. அந்த எழுத்து அங்கே இருந்ததற்கு இந்த மாதிரித் தடைகளுக்கும் பங்கு உண்டா என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எழுத்துதான் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

7

அப்பா பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கிவிட்டது. உப்பு குறைவாகச் சாப்பிடுகிறார், மற்றபடி பழைய ஆள்தான்.

போன ஐப்பசி மழையில் அதே பசுவுக்கு மறுபடி மடி வீங்கியது. இந்த முறை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டோம். கற்றாழையைச் சீவி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அம்மியில் அரைத்து, அம்மா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் பூசினாள். பின்பக்க வலது காம்பு சரியானது. இடது சரியாகவில்லை. நான்காம் நாள் மாட்டுக்குக் காய்ச்சல் கண்டதும் டாக்டரைக் கூப்பிட்டோம், ஊசி போட்டார். கற்றாழை தோற்றுவிட்டது என்று நான் இதை எழுதவில்லை. ஊசிக்கு அதன் இடம் உண்டு, அந்த இடம் வந்தபோது போட்டோம். ஊசி இன்னும் வேலை செய்தது, அதுதான் முக்கியம். அதோடு சாணி அள்ளாத தரையில் மாடு படுத்ததுதான் காரணம் என்று டாக்டர் திட்டியதால், கொட்டகையை மேடாக்கித் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினேன்.

ஐந்து நாள் பாலைத் தனியாகக் கறந்து கொட்டினோம். கன்றுக்கும் கொடுக்கவில்லை, கொடுத்தால் அதன் வயிற்றில் அதே பள்ளிக்கூடத்தைத் திறந்ததாகும். மொத்தம் ஐம்பது லிட்டருக்கு மேல். கடைசி நாள் அம்மா வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நம்ம கொட்டுறோம் சரி. ஒத்த மாட்ட வச்சிக்கிட்டு அந்தக் காசுலதான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு இருக்கவ கொட்டுவாளா? அவளுக்கு யாரு குடுப்பா?"

1948லிருந்து இந்த வரலாற்றில் வந்த விஞ்ஞானிகள், குழுக்கள், தடைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஸ்வீடனில் அந்தக் கேள்வியை விவசாயிகள் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும். எங்கள் ஊர் சொசைட்டியில் காலையில் வரிசையில் நிற்கும் நாற்பது கேன்களுக்கு நடுவில் அதை இன்னும் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.